நாவலர் பெருமானும் மாறுபட்டோரும்

ஆண்டுதோறும் கார்த்திகை மாத மக நாளிலே நல்லைநகர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமானின் குருபூசையை ஈழத்துச் சைவ மக்கள் பல ஊர்களிலும் எடுத்துவருகின்றனர். அன்று மேடையேறுவோர் அவருடைய கல்வியையும், நாவன்மையையும், சைவத்துக்கும் தமிழுக்கும் அவர் ஆற்றிய தொண்டையும் எடுத்துரைப்பர். அவையெல்லாம் உண்மையே. ஆனால், அவர் யார் யாரோடு மாறுபட்டு நின்றார், ஏன் மாறுபட்டார், அப்போது இரு பக்கத்தாருடைய உள்ளங்களிலும் நிகழ்ந்தது யாது என்பதை ஆராய்வோர் சிலரே. இவ்வாராய்ச்சி இன்று நமக்கு வேண்டியதாயிருக்கிறது. ஒரே கோயிலின் அடியார்கள் இரு பிரிவாவதையும், ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சியும் தம்பி ஒரு கட்சியும் ஆவதையும், உறவினர் ஒருவர் வேறு சமயம் புகுந்தவுடன் நன்மை தீமைகளுக்குப் போக்குவரத்து நின்றுபோவதையும் நாம் காண்கிறோமல்லவா? ஆகவே நாவலருடைய வாழ்க்கையை அந்த ஒரு நோக்கிலே ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

பிறப்பும் கல்வியும்

நாவலர் 1822 ஆம் ஆண்டு டிசம்பர் 18 ஆம் நாள் நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆறுமுகம். இருபாலைச் சேனாதிராச முதலியாரிடமும், நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். பின்னர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியருமானார். அப்பாடசாலையின் தலைவர் பேர்சிவல் பாதிரியார். அவர் 1826 இல் யாழ்ப்பாணம் வந்தவர்.

பாதிரியாரும் ஆசிரியரும்

பேர்சிவல் பாதிரியார் பைபிளை நல்ல தமிழிலே மொழிபெயர்க்க விரும்பினார். அதற்கு அவர் துணைகொண்டது நெற்றி நிறைய நீறணிந்த இந்த இளைஞரைத்தான். பல ஆண்டுகள் இருவரும் ஒருங்கிருந்து அப்பணியைச் செய்தனர். 1848 இல் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு சென்னைக்குச் சென்று, மகாலிங்கையர் என்னும் தமிழறிஞரிடம் காட்டி அவருடைய உடன்பாட்டையும் பெற்றனர்.

நாவலர் அந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்த்தவரல்லர். சொல்லுக்குச் சொல் தோய்ந்து கற்றவர். அதனைக் கற்றபின்னும் அவர் கிறிஸ்தவராகவில்லை. பேர்சிவலும் தமிழரிடையே ஆண்டாண்டாக வாழ்ந்து, சென்னையிலே கல்லூரிப் பேராசிரியராய் அமர்ந்து, 6000 க்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874 இல் அச்சிட்டார். ஆயினும் அவர் சைவராகவில்லை. மற்றவன் நம் சமயத்தை அறிந்தால் நம் பக்கம் வந்துவிடுவான், அறியாமையாற்றான் எதிர்க்கிறான் என்று நாம் எண்ணுவது வழக்கம். இவ்விருவர் வரலாறும் அவ்வெண்ணத்தை மறுக்கின்றது. இருவரும் ஒருவர் நூலை மற்றவர் நன்கு அறிந்தவர், ஒருவரையொருவர் மதித்தவர், அப்படியிருந்தும் தத்தம் நிலையிலேயே நின்றனர்.

1847 டிசம்பர் 31 இல் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே நாவலரின் சைவப் பிரசங்கம் தொடங்கியது. 1848 இல் மிஷன் பாடசாலை வேலையை விட்டு விலகி, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது. பின்னர் அச்சுக்கூடம் வைத்தார். பாலபாடங்களும் சைவ வினாவிடைகளும் எழுதினார். பிரசங்கம், பள்ளிக்கூடம், அச்சுப் புத்தகம், வினாவிடைப் பாடம் என்னும் இவை பாதிரிமார் கையாண்ட கருவிகள். மாற்றாரிடமிருந்து கற்பது இழுக்கென்று அவர் கருதவில்லை.

1854 இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்திலே, பாதிரிமார் சைவத்தின்மேல் எள்ளிக் கூறிய ஆலயம், விளக்கு, நிவேதனம் முதலிய கிரியைகளுக்கு ஒப்பானவை பைபிளின் பழைய ஏற்பாட்டிலேயே உள்ளன என்று எடுத்துக்காட்டினார். மிக வலிய நியாயம்! அதனாலே சைவர்கள் தலைநிமிர்ந்தனர். மதம் மாற நினைத்தோர் பலர் நின்றனர். ஆனால் பாதிரிமார் தம் வேலையை விடவில்லை. நியாயம் தன்னைச் சார்ந்தோரை உறுதிப்படுத்தியது, எதிர்நின்றோரை அசைக்கவில்லை.

யானையும் பாகனும்

இஃது ஏன் என்று இக்காலத்து உளநூலாரும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க அறிஞர் யோனதன் ஹைட் என்பவர் 2012 இல் வெளியிட்ட நூலொன்றிலே, மனிதனுடைய உள்ளுணர்வை யானைக்கும், நியாயம் பேசும் அறிவை அதன்மேல் அமர்ந்த பாகனுக்கும் ஒப்பிட்டார். யானை முதலில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதன்பின் பாகன் அந்தப் பக்கமே சரியென்பதற்கு நியாயம் தேடுவான் என்பது அவர் கருத்து. நன்மை எது என்று தீர்ப்பதற்கு மனித உள்ளம் சார்ந்து நிற்கும் அடிப்படைகள் ஆறு என்றும் அவர் வகுத்தார். துன்புறுவோர்க்கு இரங்கல், நீதி, உரிமை, தன் குழுவுக்கு உண்மையாயிருத்தல், மூத்தோர்க்கும் முறைக்கும் அடங்கல், தூய்மையைப் பேணல் என்பன அவை. இவற்றுள் எதற்கு எவ்வளவு நிறை என்பதிலே மனிதர் வேறுபடுவர். அங்கேயே கருத்து வேற்றுமை முளைக்கிறது. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு, நாவலர் ஈடுபட்ட பெரும் பிணக்கு ஒன்றைப் பார்ப்போம்.

அருட்பாப் பிணக்கு

வடலூர் இராமலிங்க சுவாமிகள் 1823 இல் பிறந்தவர். நாவலரினும் ஓராண்டே இளையவர். 1867 இல் அவருடைய பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரோடு, திருமுறைகளாக வகுக்கப்பட்டு அச்சேறின. நாவலர் மனம் கொதித்தது. தேவார திருவாசகங்களே அருட்பா. அவற்றுக்குரிய பெயரையும் இடத்தையும் வேறொருவர் பாடலுக்குக் கொடுப்பது முறையன்று என்பது அவர் கொள்கை. சுவாமிகளின் அன்பர்களுக்கோ, இறையருள் ஒரு காலத்தோடு நின்றுவிடவில்லை, உருகிப் பாடும் உள்ளத்திலிருந்து இன்றும் அது சுரக்கும் என்பது கொள்கை. மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக நூல்கள் எழுந்தன. 1869 இல் பிணக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றத்திலே அவதூறு வழக்காயிற்று. சுவாமிகள் தண்டிக்கப்படவில்லை.

அவ்வழக்கிலே சுவாமிகள் மன்றினுள் வந்தபோது நாவலரே எழுந்து வணங்கினார் என்று ஒரு சாரார் சொல்லி மகிழ்வர். மறுசாரார் அதனைக் கட்டுக்கதை என்று தள்ளுவர். ஒரே நாள், ஒரே மன்று; கேட்கும் காதுகள் வேறு. யானை சாய்ந்த பக்கமே பாகனுக்குச் சான்றும் கிடைக்கிறது.

1874 இல் இராமலிங்க சுவாமிகள் மேட்டுக்குப்பத்திலே மறைந்தார். 1879 இல் நாவலரும் மறைந்தார். பிணக்கு மறையவில்லை. ஈழத்து நா. கதிரைவேற்பிள்ளை நாவலர் பக்கம் நின்று வாதிட்டார். அருட்பாவின் பக்கம் நின்று வாதிட்டவருள் ஒருவர் செய்குத்தம்பிப் பாவலர் என்னும் இசுலாமியப் புலவர்! கதிரைவேற்பிள்ளையின் மாணாக்கராகிய திரு. வி. கலியாணசுந்தரனாரோ, பிற்காலத்திலே இராமலிங்க சுவாமிகளின் திருவுள்ளத்தைப் போற்றி நூல் எழுதினார். ஆசிரியர்மேல் வைத்த அன்பும் குறையவில்லை. மறுபக்கத்தின் உண்மையும் மறைக்கப்படவில்லை. இப்படியும் ஒரு வழி உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டு அடுப்புகள்

இங்கே ஒரு செய்தியைச் சேர்த்து நோக்குதல் வேண்டும். இராமலிங்க சுவாமிகள் 1867 இல் வடலூரிலே தருமச்சாலையை நிறுவி, பசித்தோர்க்கெல்லாம் உணவளித்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. 1876, 1877 ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டியபோது, நாவலர் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். மக்கள் படும் பாட்டைக் கவனியாத நிருவாகம் என்று அரசாங்க அதிபர் துவைனம் துரையின் ஆட்சியை அஞ்சாது கண்டித்தார்.

நீதிமன்றம் வரை சென்று மாறுபட்ட இருவரும் பசித்தவன் முன்னே ஒரே வேலையைச் செய்தனர். முறையும் தூய்மையும் காத்த நாவலரிடம் இரக்கம் இல்லாமற்போகவில்லை. இரக்கத்தையே சமயமாகக் கொண்ட சுவாமிகளிடம் இறைநெறி இல்லாமற்போகவில்லை. அவர்கள் தமக்குள் வாதிட்ட ஏடுகளை மட்டும் படிப்போர் இதனைக் காணார்.

சட்டநிரூபண சபை

அரசியலிலும் நாவலர் ஒரு பக்கம் நின்றார். 1879 இல் சேர் முத்துக்குமாரசுவாமி காலமானபோது, சட்டநிரூபண சபையில் தமிழர்க்குரிய இடத்துக்குக் கிறிஸ்தோபர் பிறிற்றோவும் பொன்னம்பலம் இராமநாதனும் எண்ணப்பட்டனர். பிறிற்றோ கத்தோலிக்கர், இராமநாதன் இருபத்தெட்டு வயதுச் சைவர். நாவலர் மே மாதத்திலே கூட்டம் கூட்டி இராமநாதனை ஆதரித்தார். அவரே நியமனமும் பெற்றார். அந்தத் தேர்வு நல்லதென்றே பின்னாளில் நாடு கண்டது. ஆயினும் தோற்ற பிறிற்றோவை அந்நியர் என்று ஒதுக்கிவிடலாமோ? யாழ்ப்பாண வைபவமாலையை ஆங்கிலத்திலே பெயர்த்து, அதே 1879 இல் வெளியிட்டவர் அவரே. நம் வரலாற்றிலே அவருக்கும் அன்பு இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 5 இல் நாவலர் சிவபதம் எய்தினார்.

வன்னியும் கண்ணகியும்

பெரியாரைப் போற்றுதல் என்பது அவர் சொன்ன அனைத்தையும் ஏற்றல் அன்று. சாதி வேறுபாட்டை நாவலர் சமூக ஒழுங்கென்றே கொண்டார். எழுத்திலும் அதனை ஆதரித்தார். முறையைக் காக்கும் உள்ளம் முறையிலுள்ள கொடுமையைக் காணாது போகலாம் என்பதற்கு அதுவே சான்று. அன்று அதனாலே கோயில் வாயிலிலும் பள்ளி வாயிலிலும் நின்றோர்க்கு அது முறையாகத் தோன்றியிராது. நாம் அதனை மறைத்தலும் ஆகாது. அது கருதி அவர் தொண்டை மறத்தலும் ஆகாது.

மற்றொன்று நமக்கு இன்னும் அணித்தானது. கண்ணகி வழிபாடு ஆகமத்துக்குட்பட்டதன்று என்று நாவலர் அதனை ஏற்கவில்லை. அவர் வழிவந்தோர் செல்வாக்கினால் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன் பெயர் பெற்றன. நம் முல்லைத்தீவு மண்ணிலோ, நந்திக்கடலோரத்து வற்றாப்பளையிலே கண்ணகி அம்மன் அப்பெயரோடே விளங்குகின்றாள். வைகாசிப் பொங்கலுக்கு உடையார்கட்டிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் சனம் திரண்டு செல்கிறது. கடல்நீரில் எரியும் விளக்கைக் கண்டு கைகூப்புகிறது. அப்படிச் செல்வோரே கார்த்திகையில் நாவலர் படத்துக்கு மாலையும் இடுவர். இதில் முரண் இல்லையோ எனின், உண்டு. ஆயினும் அம்முரணோடு வாழ நம் முன்னோர் பழகியிருந்தனர். 2009 இல் இம்மண் பட்ட அழிவிலே ஊரோடு இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டுவந்து கோயில்களைத் திரும்பக் கட்டியபோது, கல் சுமந்தோரை ஆகமத்தாரா, மரபு வழிபாட்டினரா என்று எவர் கேட்டார்?

இளைஞர்க்கு

இனி இளைஞர்கள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளவேண்டியது யாது? கொள்கையைக் கைவிடுதல் அன்று. நாவலர் தம் கொள்கையைக் கைவிட்டிருந்தால் நமக்குப் பள்ளிகளும் இல்லை, நூல்களும் இல்லை. நம்மோடு மாறுபடுபவன் கெட்டவனென்றோ, விலைபோனவனென்றோ, மூடனென்றோ தீர்ப்பதற்கு முன், இவன் எதனைக் காக்க நிற்கிறான் என்று ஒருமுறை வினாவுதல் வேண்டும். கோயிற் கூட்டத்திலே பழைய வழக்கத்தை விடமாட்டேன் என்னும் பெரியவர் மூத்தோர் முறையைக் காக்கிறார். கணக்கைக் காட்டு என்னும் இளைஞன் நீதியைக் காக்கிறான். இரண்டும் கோயிலுக்கு வேண்டியவையே. ஒருவர் காப்பதை மற்றவர் முதலில் ஒப்புக்கொண்டாராயின், யானை சற்றே திரும்பும். அதன்பின்பே பாகனோடு பேச முடியும். ஒப்புக்கொள்ளாமல் அடுக்கும் நியாயங்கள் நம்மவர் கைதட்டுதற்கு உதவுமேயன்றி எதிரில் இருப்பவர் செவியில் ஏறா.

எல்லாப் பிணக்கும் இவ்வாறு தீரும் என்று கூறவில்லை. அநீதி என்று தெளிந்ததை எதிர்த்தே ஆகவேண்டும். நாவலரும் பஞ்ச காலத்திலே அரசாங்க அதிபரை எதிர்த்தார். ஆனால் பகை கொள்ளாமல் எதிர்க்கலாம். பேர்சிவலோடு ஒரே மேசையிலிருந்து அவர் வேதத்தைத் தமிழாக்கி, அடுத்த ஆண்டுகளிலே அவர் சமயத்தாரை எதிர்த்து மேடையேறிய நாவலர் பெருமான் வாழ்க்கையே அதற்குச் சான்று. நம் மன்றத்திலே கருத்து வேற்றுமை எழும் நாளில், கூட்டம் முடிந்தபின் இரு பக்கத்தாரும் ஒரே பந்தியிலிருந்து உண்டு எழுந்தார்களாயின், அதுவே அவருக்கு நாம் செய்யும் குருபூசையாகும்.