லண்டனில் பட்டினி கிடந்த காந்தி

லண்டனில் ஹோல்பர்ன் என்று ஒரு பெரிய ஹோட்டல் இருந்தது. ஒரு நாள் மாலை. சாப்பாட்டுக் கூடத்தில் கனவான்களும் சீமாட்டிகளும் நிறைந்திருந்தார்கள். ஒரு மேஜையில் இந்திய வாலிபர் ஒருவர் தம் நண்பருடன் உட்கார்ந்திருந்தார்.

முதலில் சூப் வந்தது. வாலிபர் அதைத் தொடவில்லை. அது காய்கறி சூப்பா, மாமிச சூப்பா? நண்பரைக் கேட்கப் பயம். எனவே சர்வரைக் கூப்பிட்டார்.

நண்பருக்குக் கோபம் வந்து விட்டது. இத்தனை பெரிய மனிதர்கள் நடுவில் இப்படியா மானத்தை வாங்குவது? வேறு எங்காவது போய்ச் சாப்பிட்டுவிட்டு வெளியே காத்திருக்கும்படி சொல்லி விட்டார்.

வாலிபர் வருத்தப்படவில்லை. விட்டால் போதும் என்று எழுந்து போனார். பக்கத்தில் ஒரு சைவ ஹோட்டல் இருந்தது. ஆனால் அது பூட்டிக் கிடந்தது. பட்டினியோடு திரும்பி வந்து, நண்பருடன் நாடகம் பார்க்கப் போனார். சூப்பைப் பற்றி இருவரும் பேசிக் கொள்ளவே இல்லை.

அந்த வாலிபர்தான் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

3 சத்தியங்கள்

பாரிஸ்டர் படிப்புக்காக 1888-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார் காந்தி. அப்போது அவருக்கு வயது 18. ஊரில் மனைவி கஸ்தூரிபாயும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

தகப்பனார் முன்பே காலமாகி விட்டார். மகனைச் சீமைக்கு அனுப்பத் தாயார் புத்லிபாய்க்கு மனம் இல்லை. அங்கே போனால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்று ஊரார் சொல்லியிருந்தார்கள். கடைசியில் ஒரு ஜைனத் துறவி முன்னிலையில் காந்தி 3 சத்தியங்கள் செய்து கொடுத்தார். மதுவைத் தொடுவதில்லை. பிற பெண்களைத் தொடுவதில்லை. மாமிசத்தைத் தொடுவதில்லை. அதன் பிறகே தாயார் சம்மதித்தார்.

பம்பாயில் இருந்த சாதிப் பெரியவர்கள் அப்போதும் விடவில்லை. கடல் தாண்டிப் போகிறவரைச் சாதியை விட்டு விலக்கினார்கள். அவரை வழியனுப்பப் போகிறவர்களுக்கு 1 ரூபாய் 4 அணா அபராதம் என்றும் சொன்னார்கள். காந்தி அதற்கு அசைந்து கொடுக்கவில்லை.

கப்பலில் அவருக்குக் கத்தி, முள் கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பண்டத்தில் மாமிசம் இருக்கிறது என்று கேட்கவும் வெட்கம். ஆகவே அறைக்குள்ளேயே இருந்து, வீட்டிலிருந்து கொண்டு வந்த பலகாரத்தையும் பழத்தையும் சாப்பிட்டார். இங்கிலாந்தின் குளிரில் மாமிசம் இல்லாமல் உயிர் வாழ முடியாது என்று ஒரு வெள்ளைக்காரப் பயணி புத்தி சொன்னார். அப்படியானால் ஊருக்கே திரும்பி விடுவது என்று காந்தி நினைத்துக் கொண்டார்.

இரண்டு துண்டு ரொட்டி

லண்டனில் முதலில் தங்கிய இடம் விக்டோரியா ஹோட்டல். ஒரு பண்டம் பிடிக்கவில்லை என்று வேறொன்று கேட்டால் இரண்டுக்கும் பணம் வாங்கினார்கள். பில் 3 பவுன்! அவ்வளவு கொடுத்தும் அரைப் பட்டினிதான்.

பிறகு நண்பர் ஒருவருடன் ஒரு மாதம் தங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி கிடைத்தது. அதில் வயிறு நிறைந்தது. மதியமும் இரவும் கீரை, ரொட்டி, ஜாம். கீரையில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. இரண்டு மூன்று துண்டுக்கு மேல் ரொட்டி கேட்க அவருக்குக் கூச்சம். நல்ல பசி எடுக்கும் வயசு!

எழுத்தறியாத தாய்க்குக் கொடுத்த வாக்கு ஒரு வாக்கா என்று நண்பர் வாதாடினார். பெரிய ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துப் படித்தும் காட்டினார். காந்திக்கு அந்தப் புத்தகம் விளங்கவில்லை. எதிர்வாதம் செய்யவும் தெரியவில்லை. ஆனால் சத்தியம் சத்தியம்தான் என்று சொல்லி விட்டார்.

அடுத்து ஒரு விதவையின் வீட்டில் தங்கினார். வீட்டுக்கார அம்மாளின் இரு பெண்கள் அன்போடு இன்னும் ஒரு துண்டு ரொட்டி வைப்பார்கள். ஒரு முழு ரொட்டி இருந்தால்தான் அவர் பசி அடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

லண்டனில் சைவ ஹோட்டல்கள் உண்டு என்று அந்த அம்மாள் சொன்னார். காந்தி தேடிப் புறப்பட்டார். தினமும் 10, 12 மைல் நடந்தார். லண்டன் நகரை அவர் சுற்றிப் பார்த்தது இப்படித்தான்! ஒரு நாள் பாரிங்டன் தெருவில் அவர் தேடிய ஹோட்டல் தென்பட்டது. குழந்தை கேட்ட பொம்மை கையில் கிடைத்தது போல் மகிழ்ந்தார்.

வாசல் அருகே கண்ணாடிக்குப் பின்னால் புத்தகங்கள் வைத்திருந்தார்கள். சைவ உணவுக்காக சால்ட் என்ற ஆங்கிலேயர் எழுதிய புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். (அந்தக் காலத்தில் 20 ஷில்லிங் சேர்ந்தது ஒரு பவுன்.) அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்தார். இங்கிலாந்துக்கு வந்த பிறகு அன்றுதான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

அதுவரை தாய்க்காகச் சைவமாக இருந்தவர், புத்தகத்தைப் படித்த பின் தாமே விரும்பிச் சைவரானார்.

சமையலும் சோதனையும்

இடையில் கொஞ்ச நாள் நாகரிக மோகமும் பிடித்தது. 10 பவுனுக்கு உடுப்பு. 19 ஷில்லிங்குக்குத் தொப்பி. நடனம் கற்கவும் பிடில் கற்கவும் பணம் கட்டினார். தாளத்துக்குக் கால் வரவில்லை. சுமார் 3 மாதத்தில் தெளிந்து விட்டார்.

பிறகு செலவைக் குறைத்தார். காலணாவுக்கும் கணக்கு எழுதினார். ஒரே அறையில் அடுப்பு வைத்து, ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சினார். ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஆன செலவு 1 ஷில்லிங் 3 பென்ஸ். மசாலா இல்லாத வெந்த கீரை இப்போது ருசித்தது.

ஒரு முறை வழுக்கவும் செய்தார். முட்டை மாமிசம் அல்ல என்று சிலர் எழுதியதை நம்பி முட்டை சாப்பிட்டார். ஆனால் தாயார் மாமிசம் என்று சொன்னபோது முட்டையையும் சேர்த்துத்தானே நினைத்திருப்பார்? இது மனசில் பட்டதும் விட்டு விட்டார். அதன் பிறகு சைவ ஹோட்டலில்கூட, பலகாரத்தில் முட்டை உண்டா என்று கேட்டே சாப்பிட்டார்.

அந்தக் காலத்துச் சட்டப் படிப்பில் ஒரு வேடிக்கை இருந்தது. பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. சட்டக் கழகத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கை விருந்துகளிலும் கலந்து கொள்ள வேண்டியிருந்தது. நாலு பேருக்கு இரண்டு புட்டி ஒயின் வைப்பார்கள். காந்தி குடிக்க மாட்டார். அவர் பங்கு மற்ற மூவருக்கும் மிச்சம். அதனால் அவரைத் தங்கள் மேஜைக்கு அழைக்கப் போட்டி!

கிழவி செய்த உதவி

பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்கு ஒரு முறை போயிருந்தார். ஹோட்டலில் உணவுப் பட்டியல் பிரெஞ்சு மொழியில் இருந்தது. அவர் விழிப்பதைக் கண்ட ஒரு கிழவி, மாமிசம் இல்லாத பண்டங்களைக் காட்டி உதவினார். லண்டனில் தம் வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பிட அழைத்தார்.

அந்த வீட்டில் ஓர் இளம் பெண் இருந்தாள். அவளோடு காந்தியைப் பேச விடுவது கிழவிக்குப் பிரியம். அதன் நோக்கம் காந்திக்கு மெல்ல விளங்கியது. அந்தக் காலத்து இந்திய மாணவர்கள் கலியாணம் ஆனதை வெளியே சொல்வதில்லை. காந்தியும் சொல்லவில்லை. இப்போது சும்மா இருப்பது தப்பு என்று தோன்றியது. தமக்கு மனைவியும் மகனும் இருப்பதாகக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். கிழவி கோபிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அழைத்தார்.

1889-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பெரிய பொருட்காட்சி நடந்தது. அதற்காகக் கட்டியதுதான் ஈபில் கோபுரம். காந்தி பாரிசுக்குப் போனபோது முதலில் பிடித்தது ஒரு சைவ ஹோட்டலைத்தான்! அங்கே 7 நாள் தங்கினார். கையில் ஊர்ப் படம். பெரும்பாலும் நடை. கோபுரத்தில் இரண்டு மூன்று முறை ஏறினார். அதன் முதல் தட்டில் இருந்த ஹோட்டலில், உயரத்தில் சாப்பிட்டோம் என்று சொல்லிக் கொள்வதற்காகவே 7 ஷில்லிங் செலவழித்தார். லண்டன் கணக்குக்கு அது 5 நாள் சாப்பாட்டை விட அதிகம்! அந்தக் கோபுரத்தை விட நோத்ருதாம் மாதா கோவில்தான் அவர் மனசில் நின்றது.

மீண்டும் ஹோல்பர்ன்

1891-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி காந்தி பாரிஸ்டர் ஆனார். ஊர் திரும்பு முன் லண்டன் சைவ நண்பர்களுக்கு ஒரு விருந்து வைத்தார். சைவ ஹோட்டலில் சைவ விருந்து வைப்பதில் என்ன அதிசயம்? அவர் தேர்ந்தெடுத்தது ஹோல்பர்ன் ஹோட்டல். சூப்பைக் கேட்டு எழுந்து போன அதே இடம்! மானேஜரிடம் பேசி, முழுக்க முழுக்கச் சைவச் சாப்பாடு போட வைத்தார். சங்கீதமும் இருந்தது. அவருக்குப் பேச்சு மட்டும் வரவில்லை. முதல் வாக்கியத்தோடு மறந்து போய், நன்றி சொல்லி உட்கார்ந்து விட்டார்.

ஜூன் 12-ந் தேதி கப்பல் ஏறினார். பம்பாயை நெருங்கும்போது கடல் கொந்தளித்தது. பெரும்பாலோர் மயங்கிக் கிடந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் ஒரு சிலர்தான். கஞ்சித் தட்டை மடியில் வைத்துப் பிடித்துக் கொண்டு சாப்பிட்டார்கள். காந்தி அதில் ஒருவர். தாயாரைப் பார்க்கும் ஆவல் அவருக்கு.

துறைமுகத்துக்கு அண்ணன் வந்திருந்தார். காந்தி இங்கிலாந்தில் இருக்கும்போதே தாயார் காலமாகி விட்டார். தம்பி அந்நிய நாட்டில் தனியாக அழ வேண்டாம் என்று அண்ணன் அதை எழுதவில்லை. இப்போதுதான் சொன்னார்கள்.

காந்தி வழக்கப்படி தலை முழுகினார். வாய் விட்டு அழவில்லை.