உண்டியலுக்கு எதிரே ஒரு சிறிய அறை

திருமலையில் ஏழுமலையானை சேவித்துவிட்டு வெளியே வருகிறீர்கள். ஆனந்த நிலைய விமானத்தைச் சுற்றி வரும் பிராகாரம். நிமிர்ந்து பார்த்து, தங்கத் தகட்டில் தெரியும் விமான வேங்கடேஸ்வரரை வணங்குகிறீர்கள். அடுத்தது உண்டியல். மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காணிக்கையைச் செலுத்தும் அவசரத்தில், எதிரே உள்ள சிறிய கல் அறை பலர் கண்ணிலும் படுவதே இல்லை. அதன் பெயர் சங்கீர்த்தன பண்டாரம். பண்டாரம் என்றால் கருவூலம். ஆனால் இங்கே சேர்த்து வைத்தது பொன் அல்ல, பாட்டு!

அந்தப் பாட்டுகளுக்குச் சொந்தக்காரர் அன்னமாச்சாரியார். ஆந்திராவில் ராஜம்பேட்டை அருகே தாளப்பாக்கம் கிராமத்தில், நாராயணசூரி - லக்கமாம்பா தம்பதிக்கு 1408-ல் பிறந்தவர். சிறு வயதில் வீட்டுக்காகப் புல் அறுக்கப் போனவர், விரலில் அரிவாள் பட்டதும் அதை அங்கேயே போட்டுவிட்டு, அவ்வழியே சென்ற யாத்ரீகர்களோடு திருமலைக்குக் கிளம்பிவிட்டாராம்.

மலைப்பாதையில் முழங்கால் முறிச்சான் ஏற்றம் இருக்கிறதே, இளைஞர்களுக்கே மூச்சு வாங்கும் இடம் அது. பசியோடு வந்த பாலகன் அங்கே மயங்கி விழுந்தான். அலமேலுமங்கைத் தாயார் தோன்றி, இந்த மலையே சாளக்கிராமம், காலணியோடு ஏறலாகாது என்று உணர்த்திப் பிரசாதமும் தந்தாள் என்கிறது வரலாறு. அந்த இடத்திலேயே தாயார் மீது ஒரு சதகம் பிறந்தது. பதினாறாவது வயதில், 1424-ல் தொடங்கி, ஆயுள் முழுவதும் பாடிக்கொண்டே இருந்தார்.

சோதனை இல்லாமல் போகுமா? அவருடைய பாடலில் மயங்கிய சாளுவ நரசிம்மர், தம் மீதும் அப்படி ஒன்று பாடும்படி கேட்டார். பெருமாளைப் பாடிய நாவால் மனிதனைப் பாட மாட்டேன் என்று மறுத்துவிட்டார் அன்னமாச்சாரியார். கேட்டவர் சாதாரண ஆளா? பின்னாளில், 1485-ல், விஜயநகர அரியணையிலேயே ஏறியவர். கோபத்தில் அவரைச் சங்கிலியால் பிணைத்துச் சிறையில் அடைத்தார். அங்கும் பெருமாளையே பாட, சங்கிலி தானே கழன்றதாம். அரசர் மன்னிப்புக் கேட்டார். இதையெல்லாம் எழுதி வைத்தவர் அன்னமாச்சாரியாரின் பேரன் சின்னண்ணா.

அந்தக் குடும்பமே அப்படி! மனைவி திம்மக்கா, 'சுபத்ரா கல்யாணம்' எழுதியவர். தெலுங்கின் முதல் பெண் கவிஞர் என்று போற்றப்படுபவர்.

அன்னமாச்சாரியார் பாடியவை 32,000 என்பார்கள். 1503-ல் அவர் திருநாடு அலங்கரித்தார். ஓலையில் எழுதினால் செல்லரிக்கும், மலையின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். மகன் பெரிய திருமலாச்சாரியாரின் காலத்தில் அவை செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, கோயிலுக்குள்ளேயே கல் அறையில் வைக்கப்பட்டன. அறை வாசலின் இருபுறமும் தந்தையும் மகனும் சிற்பமாக நிற்கிறார்கள்.

பிறகு நடந்ததுதான் வேதனை. காலப்போக்கில் அறைக்குள் என்ன இருக்கிறது என்பதே மறந்துபோனது. தலைமுறை தலைமுறையாக மக்கள் அதைக் கடந்து போனார்கள். 1922-ல்தான் செப்பேடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள்! வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்ற அறிஞர்கள் படித்து அச்சேற்ற உழைத்தார்கள். கிடைத்தவை சுமார் 12,000 பாடல்கள். மற்றவை போனது போனதுதான். ராகத்தின் பெயர் ஏட்டில் இருந்தது, மெட்டு இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலானோர் புதிதாக இசை அமைத்தார்கள். இன்று கச்சேரிகளில் நாம் கேட்பது அப்படி வந்ததுதான்.

ஆனால் செப்பேடு மறைந்திருந்த காலத்திலும் அவர் குடும்பத்தின் கைங்கரியம் சந்நிதியில் நிற்கவில்லை. இரவு ஏகாந்த சேவையில், சயனத்துக்கு எழுந்தருளும் பெருமாளுக்குத் தாளப்பாக்கத்தார் தாலாட்டுப் பாடுவது வழக்கம். அது முடிந்த பிறகே தங்க வாசல் சாத்தப்படுகிறது.