லுட்விக் குட்மன்: ஜேர்மனியிலிருந்து அகதியாய்ப் போன வைத்தியர்

சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தாருங்கோ என்று மலர்க்குழுவில் உள்ளவர்கள் கேட்டார்கள். வழமையாக இந்தப் பக்கத்தில் பாரதியார், விபுலானந்த அடிகள், காந்தி என்று வரும். நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டவன், தொழிற்சாலையில் மெசினோடு நிற்கிறவன். அந்தப் பெரியவர்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆட்கள் சங்கத்தில் கனபேர் இருக்கினம். ஆகவே எங்கட ஆட்களில் அதிகம் பேர் அறியாத, ஆனால் உலகம் நன்றாக அறிந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பராலிம்பிக் போட்டிகளைத் தொடக்கி வைத்த வைத்தியர் லுட்விக் குட்மன் அவர்கள்தான் அவர். நாங்கள் அகதியாக வந்து சேர்ந்த இதே ஜேர்மனியிலிருந்து அகதியாக ஓடினவர்.

அவரை நான் அறிந்துகொண்டது எனது அத்தானால். அத்தானுக்கு 2009 இல் வன்னியில் செல் பட்டு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஊரில் அவர் பெயர் பெற்ற கரப்பந்தாட்டக்காரர். இங்கே பிராங்பேர்ட் வந்த பிறகு, எங்கள் கோடைகால விளையாட்டு விழாவில் அவருக்குக் கிடைத்த வேலை மேசையில் இருந்து புள்ளி எழுதுவது. ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, மரியாதையாக நிழலில் கதிரை போட்டுத்தான் கொடுத்தோம். மூன்று வருடம் எழுதினார். நாலாம் வருடம் இடுப்பு நோகுது என்று சொல்லி வராமல் விட்டுவிட்டார். போன வருடம் அவருடைய செயற்கைக்காலைச் சரிபண்ணக் கொண்டுபோன பட்டறையின் சுவரில் ஒரு பழைய படம் தொங்கியது. கண்ணாடி போட்ட, மீசை வைத்த ஒருவர் சக்கர நாற்காலிக்காரர்களின் நடுவில் நிற்கிறார். ஆர் உந்த மனிசன் என்று அங்கே வேலை செய்த ஜேர்மன்காரரிடம் கேட்டேன். கால் அளவு எடுத்து முடியும் வரைக்கும் அவரைப் பற்றியே கதைத்தார். பிறகு நானும் நூலகத்தில் தேடி வாசித்தேன்.

குட்மன் 1899ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் திகதி மேல் சிலேசியாவில் டோஸ்ட் என்ற சிறிய ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அது ஜேர்மனி, இன்று போலந்து. வளர்ந்தது கொனிக்ஸ்கூட்ட என்ற நிலக்கரிச் சுரங்க நகரத்தில். 1917 இல், பதினெட்டு வயதில், அங்கிருந்த விபத்து வைத்தியசாலையில் தொண்டராக வேலை செய்தார். ஒருநாள் சுரங்கத்தில் முள்ளந்தண்டு உடைந்த ஒரு தொழிலாளியைக் கொண்டு வந்தார்கள். நல்ல திடகாத்திரமான ஆள். அவரை மறைப்புக்குப் பின்னால் ஒதுக்கிப் போட்டார்கள். இந்த ஆளைப் பற்றிக் குறிப்பு எழுதி மினக்கெட வேண்டாம், கொஞ்ச நாளில் முடிந்துவிடும் என்று பெரிய வைத்தியர் இவருக்குச் சொன்னார். சொன்னபடியே ஐந்தாவது கிழமை அந்த மனிதர் இறந்தார். அவரைக் கொன்றது உடைந்த எலும்பு அல்ல. படுக்கைப்புண்ணும் சிறுநீரில் தொற்றிய கிருமியும்தான். அந்த முகம் குட்மனுக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

பிறகு பிரெஸ்லவ், பிரைபுர்க் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் படித்து 1924 இல் பட்டம் பெற்றார். பிரெஸ்லவில் அந்த நாளில் பெயர் பெற்ற நரம்பு நிபுணர் ஒட்பிரிட் பொர்ஸ்டரிடம் வேலை பழகினார். நாட்டிலேயே முதல்தர நரம்பு வைத்தியர்களில் ஒருவராக வரவேண்டிய நேரத்தில், 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். யூதர் அரச வைத்தியசாலைகளில் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் வந்தது. குட்மன் பிரெஸ்லவ் யூத வைத்தியசாலைக்கு மாறினார். 1937 இல் அதற்கு அவரே பொறுப்பதிகாரியானார்.

1938 நவம்பர் 9ஆம் திகதி இரவு. 83 ஐப் பற்றிக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்த இரவை அதிகம் விளக்கத் தேவையில்லை. யூதரின் தொழுகை இடங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின, ஆண்களைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த இரவில் வாசலுக்கு வருகிற எவரையும் கேள்வி கேட்காமல் உள்ளே எடுக்கும்படி குட்மன் தனது ஊழியர்களுக்கு உத்தரவிட்டார். 64 பேர் வந்து சேர்ந்தார்கள். அடுத்த நாள் கெஸ்டாப்போ பொலிசார் வந்து இவ்வளவு ஆட்கள் ஏன் ஒரே இரவில் வருத்தமானார்கள் என்று விசாரித்தார்கள். குட்மன் அவர்களைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வருத்தத்தின் பெயரைச் சொன்னார். அதில் 60 பேர் தப்பினார்கள்.

இனி இங்கே இருக்க முடியாது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் யூத வைத்தியர்களின் பாஸ்போட்டை அரசாங்கம் பறித்து வைத்திருந்தது. அது திரும்பக் கிடைத்த விதம் ஒரு விசித்திரம். போர்த்துக்கல் நாட்டின் தலைவர் சலசாரின் நண்பர் ஒருவருக்கு வைத்தியம் பார்க்க, நாசி அரசே இவரைப் பாஸ்போட் கொடுத்து அனுப்பியது! திரும்பும் வழியில் லண்டனில் இறங்கினார். அகதி அறிஞர்களுக்கு உதவும் சங்கம் ஒன்று அங்கே அவருக்கு விசாவுக்கு ஒழுங்கு செய்து கொடுத்தது. 1939 மார்ச்சில் மனைவி, ஒரு மகன், ஒரு மகளோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஒக்ஸ்போர்டில் குடியேற அந்தச் சங்கம் 250 பவுண் கொடுத்தது. நாற்பது வயதை எட்டுகிற ஒரு பெரிய வைத்தியர் புதுப் பாஷையில் முதலில் இருந்து தொடங்க வேண்டியதாய்ப் போயிற்று. கீசன் முகாமில் இருந்தபோது, ஊரில் ஆசிரியராகவும் எஞ்சினியராகவும் இருந்தவர்கள் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் வாழ்க்கையின் இந்தப் பகுதியை வாசிக்கையில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன்.

ஒக்ஸ்போர்டில் நரம்பு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவரை 1943 இல் பிரித்தானிய அரசு கூப்பிட்டது. ஐரோப்பாவில் படை இறங்கப்போகிறது, முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள் கனபேர் வருவார்கள், அவர்களுக்கு ஒரு தனிப் பகுதி வேண்டும் என்றார்கள். மற்ற வைத்தியர்கள் விரும்பாத வேலை அது. இடுப்புக்குக் கீழ் இயங்காதவர் சாகப்போகிறவர் என்பதுதான் அப்போதைய எண்ணம். தன் விருப்பப்படி நடத்த விடவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு குட்மன் ஒப்புக்கொண்டார். 1944 பெப்ரவரி 1ஆம் திகதி, எயில்ஸ்பெரிக்குப் பக்கத்தில் ஸ்டோக் மண்டவில் என்ற இடத்தில் பகுதி திறக்கப்பட்டது. இருபத்துச் சொச்சக் கட்டில்கள், ஒரேயொரு நோயாளி.

அவர் செய்த முதல் வேலை பெரிய சத்திரசிகிச்சை ஒன்றுமில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை, இரவும் பகலும், ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதுதான். அதனால் படுக்கைப்புண் இல்லாமல் போயிற்று. சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்க நடுச்சாமத்தில் அவரே வந்து நிற்பாராம். கோபக்காரர், பிடிவாதக்காரர், தாதிமாரோடும் மேலதிகாரிகளோடும் சண்டை பிடிப்பவர். நோயாளிகளோ அவரைப் பொப்பா என்று கூப்பிட்டார்கள். நல்ல மனிதர் என்றால் சாந்தமானவராக இருக்க வேண்டும் என்று எங்கட ஆட்கள் நினைப்பினம். இவர் அப்படி இல்லை.

உயிர் தப்பினால் போதுமா? தப்பினவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். காலையில் எழும்பினால் ஒரு வேலை இருக்க வேண்டும் என்று குட்மன் மரவேலை, மணிக்கூடு திருத்துதல், தட்டச்சு எல்லாவற்றுக்கும் வகுப்பு வைத்தார். பிறகு விளையாட்டு. சக்கர நாற்காலியில் இருந்தபடி கைத்தடியால் வட்டொன்றை அடித்துத் தள்ளும் ஒருவகைப் போலோ ஆட்டம். குட்மனும் உடற்பயிற்சிக்காரரும் தாங்களே நாற்காலியில் ஏறி ஆடிப் பார்த்தார்கள். அது முரட்டு ஆட்டமாக மாறியதால் கூடைப்பந்தும் வில்வித்தையும் வந்தன. வில் வளைக்கத் தோளும் முதுகும் பலப்படும், பந்துக்குத் திரும்பத் திரும்ப உடம்பு நிமிரும். ஆகவே விளையாட்டு அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல, மருந்து. இன்னொன்றும் நடந்தது. நேற்று வந்து படுத்தவன், ஆறு மாதத்துக்கு முன் தன்னைப்போலவே வந்து படுத்த ஒருவன் பந்து பிடிப்பதைக் கண்ணால் கண்டான். எந்த வைத்தியரும் வாயால் சொல்லி நம்பவைக்க முடியாத சங்கதி அது.

இது எனக்குத் தெரியும். அத்தானுக்கு இங்கே வந்து காலில் மறுபடி வெட்டவேண்டி வந்தது. அப்போது வயதான ஒரு ஜேர்மன்காரர் வைத்தியசாலைக்குப் பார்க்க வந்தார். உறவில்லை, பழக்கமில்லை. கதிரையில் இருந்து காற்சட்டையை முழங்கால் வரை உருட்டித் தன் செயற்கைக்காலைக் காட்டினார். அத்தானுக்கு அப்போது பாஷையும் சரியாக வராது. இரண்டு பேரும் ஒருமணித்தியாலம் காலைத் தட்டித் தட்டிக் கதைத்தார்கள். அன்று பின்னேரம்தான் அக்கா கொண்டுபோன சோற்றை அவர் முழுதாகச் சாப்பிட்டார்.

1948 ஜூலை 29ஆம் திகதி லண்டனில் ஒலிம்பிக் போட்டி தொடங்கியது. அதே நாளில் ஸ்டோக் மண்டவில் புற்தரையில் குட்மன் ஒரு வில்வித்தைப் போட்டி வைத்தார். அவரது வைத்தியசாலை ஒரு பக்கம், ரிச்மண்டில் இருந்த போர்க்காயக்காரர் இல்லம் மறுபக்கம். 14 ஆண்கள், 2 பெண்கள். வென்றது ரிச்மண்ட். பதினாறு பேரின் போட்டி ஒருநாள் ஒலிம்பிக்குக்குச் சமமாக வரும் என்று அடுத்த வருடமே சொல்லத் தொடங்கிவிட்டார். 1952 இல் ஒல்லாந்தர் வந்தார்கள், அது சர்வதேசப் போட்டியாயிற்று. 1960 இல் ரோம் நகரில் 23 நாடுகளிலிருந்து 400 பேர். அங்கே தங்குமிடத்துக்குப் படிகள் இருந்தபடியால் இத்தாலியப் படையினர் நாற்காலிகளைத் தூக்கி ஏற்றி இறக்கினார்கள். 1964 இல் டோக்கியோ. 1966 இல் பிரித்தானிய அரசி அவருக்குச் சேர் பட்டம் கொடுத்தார்.

1972 இல் போட்டிகள் ஜேர்மனிக்கே வந்தன. ஒலிம்பிக் நடந்த மியூனிக்கில் வீரர் குடியிருப்பைத் தனியார் வீடுகளாக மாற்ற இருந்ததால் அங்கே இடமில்லை என்றார்கள். எனவே ஹைடெல்பேர்க்கில் நடந்தன. பிராங்பேர்ட்டிலிருந்து காரில் ஒரு மணித்தியாலப் பயணம். 40க்கு மேற்பட்ட நாடுகள் வந்தன. தன்னைத் துரத்திய நாட்டில், தான் தொடக்கிய போட்டிக்கு, பெரியவராக வந்து நின்றார் குட்மன். அந்தப் போட்டியில்தான் 1965 யுத்தத்தில் காயப்பட்ட இந்தியப் படைவீரர் முரளிகாந்த் பெட்கர் 50 மீற்றர் நீச்சலில் தங்கம் வென்றார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தானைப்போல் கால் இழந்தவர்களுக்கு இந்தப் போட்டிகளில் வெகுகாலம் இடமிருக்கவில்லை. குட்மனின் போட்டிகள் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கானவை. கை கால் இழந்தவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் 1964 இல் வேறொரு சர்வதேச அமைப்பு உருவாகியது. பின்னர் அதற்கும் குட்மனே தலைவரானார். ஆனாலும் 1976 இல் கனடாவின் ரொறொன்ரோவில்தான் கதவு திறந்தது. 28 வருடம் பிந்தியது என்பது என் கணக்கு. அங்கே கை கால் இழந்தவர்கள் 261 பேர் வந்தார்கள். ஆர்னி போல்ட் என்ற கனடிய இளைஞர், சிறுவயதில் தானிய இயந்திரத்தில் ஒரு கால் போனவர், ஒற்றைக்காலில் ஓடிவந்து 1.86 மீற்றர் உயரம் பாய்ந்தார். எனது உயரத்தைவிடக் கூட.

குட்மன் 1980 மார்ச் 18ஆம் திகதி மாரடைப்பின் பின் காலமானார். மூன்று மாதம் கழித்து ஒல்லாந்தின் ஆர்ன்ஹெமில் அடுத்த போட்டிகள் நடந்தன.

அதன் பின் நடந்தவை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சேலம் மாவட்டத்துப் பையன் மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசிந்தவர், 2016 இல் ரியோவில் 1.89 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார். இலங்கையின் முதல் பராலிம்பிக் தங்கம் 2021 இல் டோக்கியோவில் வந்தது. ஈட்டி எறிந்த தினேஷ் பிரியந்த ஹேரத், போரில் கையில் காயப்பட்ட இராணுவ வீரர். எங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்ற படை. அத்தான் அந்த எறிதலை மூன்று தரம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

குட்மனைப் பற்றி வாசித்ததையெல்லாம் பின்னேர வேலை முடிந்து வந்து அத்தானுக்குச் சொல்லுவேன். ஆர்ன்ஹெமில் முதல் தடவையாகப் பதக்க ஆட்டமாகச் சேர்த்தவற்றில் இருந்தபடி ஆடும் கரப்பந்தும் ஒன்று, 1956 இலேயே ஒல்லாந்தில் தொடங்கியது என்று சொன்னபோதுதான் நிமிர்ந்தார். களம் என்ன அளவு என்றார். 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம். வலை? ஆண்களுக்கு 1.15 மீற்றர், பெண்களுக்கு 1.05. பந்தைத் தொடும்போது உடம்பு நிலத்தைவிட்டு எழும்பக்கூடாது. இரண்டு காலும் உள்ளவனும் பழகுவதற்கு ஆடலாமோ என்றார். ஆடலாம், ஆனால் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இருந்தபடி நகர்வது பெரும்பாடு என்றேன். சிரித்தார்.

இந்த வருடக் கோடை விழாவில் சங்கம் அதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கச் சம்மதித்திருக்கிறது. மண்டபத்தில் உள்ள வலையையே கீழே இறக்கிக் கட்டலாம், தனியாக ஒன்று வாங்கத் தேவையில்லை. கால் இழந்தவர்கள், இழக்காதவர்கள், பிள்ளைகள், பெண்கள் எவரும் பெயர் கொடுக்கலாம். பழைய காற்சட்டை போட்டுக்கொண்டு வாங்கோ, நிலத்தில் அரைபடும். புள்ளி எழுத இந்தமுறை வேறு ஆள் தேட வேண்டும்.