சக்கர நாற்காலியில் ஒரு சரித்திரம்

(இரண்டாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

குதிரைமீது அமர்ந்து நாடுகளை வென்ற வீரர் பலரை வரலாற்று ஏடுகள் நமக்குக் காட்டுகின்றன. ஆனால், எழுந்து நடக்க இயலாத நிலையில், சக்கரம் பூட்டிய ஒரு சிறிய நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு வல்லரசைப் 12 ஆண்டுகள் வழிநடத்திய மனிதர் ஒருவரும் உண்டு. அவர்தாம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவராக விளங்கிய பிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட். அவருடைய வாழ்க்கையை நான் தேடிப் படிக்கக் காரணமாயிருந்தவர் என் அத்தை. எனவே, அவரைப் பற்றி முதலில் சில சொற்கள்.

என் தந்தையாரின் மூத்த சகோதரி அவர். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் அவருடைய இரு கால்களையும் முடக்கிவிட்டது. மோட்டார் பொருத்திய தையல் இயந்திரத்தில் துணி தைத்துப் பிழைக்கிறார். அரசு வழங்கிய மூன்று சக்கர ஸ்கூட்டரில் ஊரெங்கும் சென்று வருகிறார். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது, நம் கல்லூரிதான் அவருக்கு வாக்குச்சாவடி. முன்வாயிலின் நான்கு படிகள்மீதும் மரப்பலகையால் சாய்தளம் அமைத்து, அருகில் ஒரு சக்கர நாற்காலியும் வைத்திருந்தார்கள். அத்தை உள்ளே சென்று வாக்களித்து, மை வைத்த விரலை என்னிடம் காட்டி மகிழ்ந்தார்.

ஜூன் மாதத்தில் இதே கல்லூரியில் நான் சேர வந்தேன். தந்தையார் வெளியூரில் வேலையிலிருந்தமையால், அத்தைதான் என்னுடன் வந்தார். படிகள் நான்கும் இருந்தன, பலகை இல்லை. மாணவர் இருவர் அன்போடு தூக்கிச் செல்ல முன்வந்தனர். அத்தை நன்றி கூறி மறுத்துவிட்டார். வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரிலேயே இரண்டு மணி நேரம் காத்திருந்தார். வீடு திரும்பும் வழியில் ஒன்றுதான் கேட்டார்: ஓட்டுப் போட வந்தபோது இருந்த பலகை, பிள்ளையைச் சேர்க்க வந்தபோது எங்கே போயிற்று என்று. எனக்கு விடை தெரியவில்லை. நூலகத்தில் ரூஸ்வெல்ட்டின் வாழ்க்கை வரலாற்றைக் கையிலெடுத்தது அதன் பிறகுதான்.

இளமையும் ஏற்றமும்

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள ஹைடு பார்க் என்னும் ஊரில், 1882ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் செல்வக் குடும்பமொன்றில் ரூஸ்வெல்ட் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1905இல் எலினார் அம்மையாரை மணந்தார். கடற்படைத் துறையின் துணைச் செயலாளராகப் பணியாற்றி, 1920இல் ஜனநாயகக் கட்சியின் சார்பில் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். தோல்வி அவரைத் தளர்த்தவில்லை. உயரமும் கட்டான உடலும் கொண்ட அவருக்கு முன்னே எல்லாக் கதவுகளும் திறந்தே இருந்தன. தம் வீட்டு வாயிற்படி ஒன்றே ஒருநாள் தமக்குத் தடையாகும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

1921ஆம் ஆண்டுக் கோடை

கனடாவைச் சேர்ந்த காம்போபெல்லோ தீவில் அவர் குடும்பத்தினர் கோடையைக் கழிப்பது வழக்கம். 1921 ஆகஸ்டு 10ஆம் நாள் நீந்திக் களைத்து வீடு திரும்பியவருக்குக் குளிரும் காய்ச்சலும் கண்டன. சில நாட்களுக்குள் கால்கள் அசையவில்லை. இளம்பிள்ளை வாதம் என்று மருத்துவர்கள் முடிவு செய்தனர். அப்பொழுது அவருக்கு வயது 39.

செப்டம்பரில் அவரைத் தூக்குப் படுக்கையில் கிடத்திப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். பின்னர் இரயில் பெட்டியின் சன்னல் வழியாக உள்ளே செலுத்தி நியூயார்க்கிற்குக் கொண்டு சென்றார்கள். நேற்றுவரை நாட்டை ஆளத் துடித்த ஒருவர், இன்று ஒரு மூட்டையைப்போல் சன்னல் வழியே ஏற்றப்பட்டார்! நடக்க இயலாதவனுக்கு முதலில் தொலைந்து போவது பயணம்தான் என்பதை அன்று அவர் உணர்ந்திருப்பார்.

அவர் ஹைடு பார்க்கிலேயே ஓய்வாக இருந்துவிட வேண்டும் என்பது தாயாரின் விருப்பம். பொதுவாழ்வுக்குத் திரும்ப வேண்டும் என்றனர் மனைவியாரும் நண்பர் லூயி ஹோவும். ரூஸ்வெல்ட் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். ஆனால், வழி இருந்தால்தானே செல்ல முடியும்? அக்காலத்துச் சக்கர நாற்காலிகள் பெரியவை. குறுகிய கதவுகளில் நுழையாதவை. எனவே, கைப்பிடியில்லாத சாதாரண நாற்காலி ஒன்றின் அடியில் சிறு சக்கரங்களைப் பூட்டித் தமக்கென ஒன்றை அமைத்துக்கொண்டார். மாடிக்குப் பெட்டிகளை ஏற்றும் சிறிய தூக்கி ஒன்று வீட்டில் இருந்தது. அதனுள் அமர்ந்து, கயிற்றைத் தம் கைகளாலேயே இழுத்து மேலே சென்றார். கால்கள் மாறவில்லை, நாற்காலியும் வீடும் மாறின. அவருடைய மறுவாழ்வு அங்கேதான் தொடங்கிற்று.

1924 ஜூன் மாதத்தில், நியூயார்க்கில் நடந்த கட்சி மாநாட்டில் அவர் பேச வேண்டியிருந்தது. இடுப்பிலிருந்து பாதம்வரை இரும்புத் தாங்கிகளைப் பூட்டி, ஊன்றுகோல்களின் துணையால், வியர்வை வழிய மேடையில் சில அடிகள் முன்னேறினார். பேச்சு மேசையை இரு கைகளாலும் பற்றி நின்றார். அந்தச் சில அடிகள்தாம் அவரைப் பின்னாளில் ஆளுநர் மாளிகைக்கும் வெள்ளை மாளிகைக்கும் இட்டுச் சென்றன.

வெந்நீரூற்று ஊரில்

அதே ஆண்டு அக்டோபரில், ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூருக்குச் சென்றார். இயற்கையாகவே வெதுவெதுப்பாக ஊறும் அவ்வூர் நீரில் அவரால் கால்களை அசைக்க முடிந்தது. செய்தித்தாள் வாயிலாக இதை அறிந்த நோயாளிகள் பலர் அங்கே வரத் தொடங்கினர். அவர்களுள் ஒருவர் இரயிலின் சரக்குப் பெட்டியில் பயணம் செய்து வந்தார் என்று படித்தபோது என் நெஞ்சு துணுக்குற்றது. வந்தவர்களோடு ஒரே கூடத்தில் உணவருந்த, அங்கே தங்கியிருந்த மற்ற விருந்தினர் மறுத்தனர்.

ரூஸ்வெல்ட் 1926இல் ஏறத்தாழ 2 இலட்சம் டாலருக்கு அந்த இடத்தையே விலைக்கு வாங்கினார். தம் செல்வத்தின் பெரும்பகுதியை அவர் இதற்குச் செலவிட்டார். அடுத்த ஆண்டில் அது மருத்துவ அறநிலையமாயிற்று. படிகளுக்கு மாற்றாகச் சாய்தளங்கள் எழுந்தன. சக்கர நாற்காலியில் செல்பவரை யாரும் வேடிக்கை பார்க்காத ஓர் ஊர் உருவாயிற்று. அங்கே நோயாளி மருத்துவருக்காக மட்டும் காத்திருக்கும் பிண்டமல்லர். அரட்டையடிப்பவர், சீட்டாடுபவர், காதலிப்பவர்!

அங்கேதான் ஒரு ஃபோர்டு மோட்டார் காரைக் கைகளாலேயே இயக்கும்படி மாற்றியமைத்துக்கொண்டார். ஜார்ஜியாவின் மண்சாலைகளில் தாமே ஓட்டிச் சென்று, வண்டியில் அமர்ந்தபடியே உழவர்களிடம் விளைச்சலையும் கடனையும் விசாரித்தார். மின்விளக்கில்லாத குடிசைகளைக் கண்டார். 1935இல் கிராம மின்மயத் திட்டத்தை அவர் தொடங்கியதற்கு அந்த ஊர் அனுபவமே வித்து என்பது வரலாறு. கைகளால் ஓட்டும் ஒரு கார் கிடைத்தமையால், ஒரு தலைவர் தம் மக்களைக் கண்டுகொண்டார்!

வெள்ளை மாளிகையில்

1929 முதல் நியூயார்க் ஆளுநர். 1933 மார்ச் 4ஆம் நாள் நாட்டின் குடியரசுத் தலைவர். பொருளாதாரப் பெருவீழ்ச்சியால் வங்கிகள் மூடிக் கிடந்த வேளை அது. நாடாளுமன்ற மாளிகையின் முன்னே அமைத்த சாய்தளத்தின் வழியாக, மூத்த மகனின் கையைப் பற்றியவாறு மெல்ல மெல்ல வந்து பதவியேற்றார். 1932, 1936, 1940, 1944 என நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே குடியரசுத் தலைவர் அவரே.

அவர் செல்லுமிடங்களில் முன்கூட்டியே மரச் சாய்தளங்கள் அமைக்கப்பட்டன. கார் நேரே மேடைக்கே ஏறி நிற்கும். 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டுக்குச் சென்ற விமானத்தில், நாற்காலியோடு அவரைத் தரையிலிருந்து மேலேற்றும் மின்தூக்கி இருந்தது. ஹைடு பார்க்கில் 1938-39இல் தாமே திட்டமிட்டுக் கட்டிய டாப் காட்டேஜ் என்னும் சிறு வீட்டில் கதவுகளுக்கு நிலைப்படியே வைக்கவில்லை. அமர்ந்தபடியே வெளியைக் காணும் உயரத்தில் சன்னல்களை வைத்தார். தாழ்வாரத்திலிருந்து மண் சரிவு ஒன்றின் வழியே தோட்டத்துக்கு இறங்கலாம்.

அந்த வீட்டைப் பற்றி அத்தையிடம் கூறினேன். சன்னலின் உயரத்தை மட்டும் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, அவர் வந்து போன இடங்களில் போட்ட பலகைகள் அப்படியே இருந்தனவா என்று வினவினார். அவற்றுட் பல தற்காலிகமானவை என்றேன். அத்தை சிரித்துக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்தார்.

நிழலும் உண்டு

ஒருவரைப் போற்றுமிடத்து அவருடைய குறைகளை மறைத்தல் வரலாறு பயில்வோர்க்கு அழகன்று. ரூஸ்வெல்ட் தம் ஊனத்தை மக்கள் கண்ணிலிருந்து இயன்றவரை மறைத்தார். நாற்காலியில் இருக்கும் நிலையில் அவரைப் படமெடுக்காமலிருப்பது செய்தியாளரிடையே வழக்கமாயிற்று. அத்தகைய படங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. முடவன் ஆளத் தகுதியற்றவன் என்று உலகம் எண்ணிய காலம் அது. அவரைக் குறை கூறுவதா, அக்காலத்தைக் குறை கூறுவதா?

ஆயினும், அவருடைய ஆட்சியின் பொதுப்பணித் திட்டங்களில் உடற்குறையுடையோர் வேலைக்குத் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்டனர். 1935 மே மாதத்தில் நியூயார்க்கில் அத்தகையோர் சிலர் நிவாரண அலுவலகம் ஒன்றில் அமர்ந்து மறியல் செய்தனர். வார்ம் ஸ்பிரிங்ஸ் மருத்துவ நிலையத்திலும் கறுப்பின நோயாளிகளுக்கு இடமில்லை. அவர்களுக்கென 1941இல் டஸ்கிகியில் தனி நிலையம் திறக்கப்பட்டது. சாய்தளம் எல்லார்க்கும் உரியது என்னும் எண்ணம் அன்று பிறக்கவில்லை. அது ஒருவருக்காக வந்தது; அவரோடு போயிற்று.

1945 மார்ச் 1ஆம் நாள் நாடாளுமன்றத்தில் அவர் அமர்ந்தபடியே பேசினார். கால்களில் பூட்டிய இரும்பின் சுமையைக் குறிப்பிட்டு, அமர்ந்திருப்பதற்குப் பொறுத்தருள வேண்டினார். தம் நிலையை அவ்வளவு வெளிப்படையாக அந்த அவையில் அவர் அதற்கு முன் கூறியதில்லை. ஆறு வாரங்களுக்குள், ஏப்ரல் 12ஆம் நாள், வார்ம் ஸ்பிரிங்சிலேயே உயிர் நீத்தார்.

அவருக்குப் பின்

1938இல் அவர் நிறுவிய தேசிய அறக்கட்டளை, மக்கள் அனுப்பிய சிறு காசுகளைத் திரட்டி ஆராய்ச்சிக்கு உதவியது. அதன் பயனாக ஜோனஸ் சால்க் கண்ட தடுப்பூசி வெற்றி பெற்றது என்னும் செய்தி, அவர் மறைந்த பத்தாம் ஆண்டு நாளான 1955 ஏப்ரல் 12இல் வெளியாயிற்று. 2014 மார்ச்சில் இந்தியா இளம்பிள்ளை வாதமற்ற நாடெனச் சான்று பெற்றது. என் தலைமுறையின் கால்கள் காக்கப்பட்டன. ஆனால், அத்தையின் தலைமுறைக்குப் படிகள் அப்படியே நின்றன.

அமெரிக்காவிலும் அப்படித்தான். 1990 மார்ச்சில், மாற்றுத்திறனாளிகள் பலர் தம் நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, நாடாளுமன்ற மாளிகையின் படிகளில் தவழ்ந்தே ஏறினார்கள். 1933இல் ரூஸ்வெல்ட் சாய்தளத்தின் வழியே வந்து பதவியேற்ற அதே மாளிகைதான் அது! அவ்வாண்டு ஜூலை 26இல் அவர்களுக்கான உரிமைச் சட்டம் நிறைவேறியது. 1997இல் வாஷிங்டனில் ரூஸ்வெல்ட்டுக்கு நினைவகம் திறந்தபோது, சிலையின் நாற்காலியை மேலங்கி மறைத்திருந்தது. மாற்றுத்திறனாளிகள் போராடினர், நிதி திரட்டினர். 2001இல் நினைவக வாயிலில், சக்கர நாற்காலியில் வெளிப்படையாக அமர்ந்திருக்கும் ரூஸ்வெல்ட்டின் சிலை வைக்கப்பட்டது. இறந்து 56 ஆண்டுகளுக்குப் பின்னரே அவர் தம் நாற்காலியில் நிம்மதியாக அமர்ந்தார்.

நம் நாட்டிலும் 1995இல் ஒரு சட்டமும், அதனினும் விரிவாக 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்தன. பொதுக் கட்டடங்கள் யாவும், விதிகள் வெளியான 2017ஆம் ஆண்டிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் அனைவரும் நுழையத்தக்கனவாக மாற வேண்டும் என்பது சட்டத்தின் ஆணை. அந்தக் காலம் கடந்துவிட்டது.

நண்பர்களே! ரூஸ்வெல்ட்டின் கால்கள் 24 ஆண்டுகளில் குணமாகவே இல்லை. ஆயினும் அவர் ஆண்டார், பயணம் செய்தார், மக்களைச் சந்தித்தார். காரணம், அவருடைய மனவலிமை மட்டுமன்று. கதவு அகன்றது, படி சரிந்தது, கார் கைக்கு அடங்கியது, விமானம் கீழிறங்கி அவரை ஏற்றிக்கொண்டது. மனவலிமை என் அத்தைக்கும் உண்டு. அவருக்கு இல்லாதது நான்கு படிகளின்மேல் ஒரு சரிவு மட்டுமே. தூக்கிச் செல்ல முன்வந்த மாணவரின் கைகளை நான் குறைத்துக் கூறவில்லை. ஆனால், தூக்கும் கைகளுக்காகக் காத்திருக்க வேண்டும். சாய்தளத்துக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

நிலையான சாய்தளம் ஒன்றை முன்வாயிலில் அமைத்துத் தருமாறு எங்கள் வகுப்பு மாணவர் அனைவரும் கையொப்பமிட்டு முதல்வர் அவர்களிடம் விண்ணப்பம் அளித்துள்ளோம். நான் பட்டம் பெறும் நாளில் அத்தையை அழைத்து வருவேன். அன்று அவர் வேப்பமரத்தடியில் காத்திராமல், பட்டமளிப்பு மண்டபத்தின் முதல் வரிசையில் இருக்க வேண்டும். அதற்கான பலகை, தேர்தல் முடிந்ததும் கழற்றிச் செல்லும் பலகையாக இல்லாமல், சிமெண்டால் ஆனதாக இருக்கட்டும்!