புத்தாண்டு இரவில் உயிர் பெற்ற என்ஜின்
கடனில் மூழ்கிய கார்ல் பென்ஸ் கரை ஏறிய கதை

திருப்பூர் அருகே உள்ள ஊர் முதலிபாளையம். பொழுது விடிந்தால் அந்த வட்டாரத்தில் பனியன் கம்பெனிகளுக்கு ஆட்கள் கிளம்புவார்கள். தோட்டங்களிலோ வேறு சத்தம் கேட்கும். தென்னை மரங்களுக்கு அடியில் புல் வெட்டும் மிஷின் 'விர்' என்று இரையும். விழுந்த மரத்தை அறுக்கும் மிஷின் 'கர்' என்று உறுமும்.

இந்த மிஷின்கள் பலவற்றின் உள்ளே இருப்பது 'டூ ஸ்ட்ரோக்' என்ஜின். இதற்குப் பெட்ரோல் மட்டும் போதாது. ஆயிலையும் அளந்து கலந்து ஊற்ற வேண்டும்.

இந்த வகை என்ஜினை ஓட வைப்பதற்காக, 140 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தன் குடும்பத்தின் பிழைப்பைப் பணயம் வைத்தார். அவர் ஜெர்மனி நாட்டுக்காரர். பெயர் கார்ல் பென்ஸ். ஆம்! இன்று 'பென்ஸ் கார்' என்கிறோமே, அந்தப் பெயருக்கு உரியவர்தான்.

தந்தை இல்லாத பிள்ளை

கார்ல் பென்ஸ் 1844-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி பிறந்தார். தந்தை ரெயில் என்ஜின் டிரைவர். மகனுக்கு 2 வயது ஆவதற்குள் அவர் நிமோனியா காய்ச்சலில் இறந்துவிட்டார்.

தாய் ஜோசபின் கலங்கினாள். ஆனால் ஒடிந்துபோகவில்லை. வறுமையிலும் மகனைப் படிக்க வைத்தாள். கார்ல்ஸ்ரூ நகரில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, 19 வயதில் அவர் தேறினார்.

பிறகு பல கம்பெனிகளில் வேலை பார்த்தார். எதிலும் மனம் ஒட்டவில்லை. குதிரை இல்லாமல் தானாக ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

சீதனம் பட்டறைக்குப் போனது

1871-ல் மன்ஹைம் நகரில் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து பட்டறை தொடங்கினார். அந்தக் கூட்டு சரிப்பட்டு வரவில்லை. கூட்டாளியின் பங்கைக் கொடுத்து அவரை விலக்க வேண்டும். கையில் பணம் இல்லை.

அப்போது கைகொடுத்தவள் பெர்த்தா. கார்லுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண். திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை வாங்கி, கூட்டாளியின் பங்கை அடைக்கக் கொடுத்தாள். நகைக்கும் பட்டுக்கும் போகவேண்டிய பணம் இரும்புக்கும் உலைக்கும் போனது.

1872-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி இருவருக்கும் திருமணம் நடந்தது.

ஆனாலும் கஷ்டம் விடவில்லை. வியாபாரம் படுத்தது. கடன் ஏறியது. 1877-ல் பட்டறைச் சாமான்கள் ஜப்திக்கு வந்தன. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தார்கள்.

இந்த நிலையில் வேறு ஒருவராக இருந்தால், எங்காவது சம்பள வேலைக்குப் போயிருப்பார். கார்ல் பென்ஸ் அப்படிச் செய்யவில்லை. புதிய என்ஜின் ஒன்றைச் செய்து விற்று, கடனை அடைக்கத் துணிந்தார்.

ஏன் இரண்டு வீச்சு?

அந்தக் காலத்தில் 'போர் ஸ்ட்ரோக்' என்ஜினுக்கு நிகோலஸ் ஆட்டோ என்பவர் காப்புரிமை பெற்றிருந்தார். அதை மற்றவர்கள் செய்ய முடியாது.

அந்த என்ஜினில் பிஸ்டனின் மேலும் கீழுமான 4 வீச்சுக்கு ஒரு முறைதான் விசை பிறக்கும். 2 வீச்சிலேயே விசை பிறக்கும்படி செய்தால் என்ன என்று பென்ஸ் யோசித்தார். அதுதான் டூ ஸ்ட்ரோக் என்ஜின். ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்காட்லாந்துக்காரர் டுகால்டு கிளார்க்கும் இதே முயற்சியில் இருந்தார்.

இரவு பகலாகப் பாடுபட்டும் என்ஜின் ஓடவில்லை. மாதங்கள் ஓடின.

1879-ம் ஆண்டின் கடைசி நாள் வந்தது. இரவுச் சாப்பாடு முடிந்தது. இன்னும் ஒரு முறை முயன்று பார்க்கலாம் என்று கணவனும் மனைவியும் பட்டறைக்குப் போனார்கள். பென்ஸ் என்ஜினைச் சுழற்றினார்.

என்ஜின் ஓடத் தொடங்கியது!

ஒரே தாளத்தில் அது ஓடிக்கொண்டே இருந்தது. சுமார் ஒரு மணி நேரம் இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார்கள். புத்தாண்டு பிறந்ததற்காக ஊரில் கோவில் மணிகள் ஒலித்தன. அவர்களுக்கோ தங்கள் என்ஜினுக்காகவே மணி அடித்ததுபோல் இருந்தது.

தாய் வீட்டுப் பயணம்

அந்த என்ஜின் விலை போயிற்று. 1883-ல் புதிய கூட்டாளிகளுடன் 'பென்ஸ் கம்பெனி' தொடங்கியது. கையில் காசு வந்ததும், பென்ஸ் தன் பழைய ஆசைக்குத் திரும்பினார். போர் ஸ்ட்ரோக் என்ஜின் ஒன்றை அமைத்து, 3 சக்கர மோட்டார் வண்டி செய்தார். 1886-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி அதன் காப்புரிமைக்கு மனு செய்தார்.

ஆனால் வாங்க ஆள் இல்லை. குதிரை இல்லாத வண்டியைக் கண்டு மக்கள் பயந்தார்கள்.

மறுபடியும் பெர்த்தாதான் துணிந்தாள். 1888 ஆகஸ்டில் ஒரு நாள், கணவரிடம் சொல்லாமலே வண்டியை எடுத்தாள். மூத்த மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டாள். 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ள தாய் வீட்டுக்குப் புறப்பட்டாள்!

வழியில் எரிபொருள் குறைந்தது. அப்போது பெட்ரோல் பங்க் ஏது? விஸ்லாக் என்ற ஊரின் மருந்துக்கடையில், கறை போக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினாள். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தாள். பிரேக் தேய்ந்தபோது, செருப்பு தைப்பவரிடம் தோல் வாங்கிப் பொருத்தினாள். மேட்டில் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள்.

இருட்டிய பிறகு தாய் வீடு போய்ச் சேர்ந்தாள். கணவருக்குத் தந்தி கொடுத்தாள். வண்டியின் புகழ் பரவியது. 1899-ல் மட்டும் பென்ஸ் கம்பெனி 572 வண்டிகளைச் செய்து, உலகிலேயே பெரிய மோட்டார் கம்பெனியாக விளங்கியது.

1929-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி கார்ல் பென்ஸ் காலமானார். பெர்த்தா 1944 வரை, 95 வயது வரை வாழ்ந்தாள்.

ஆயில் ஏன் கலக்கிறோம்?

பென்ஸ் கைவிட்ட டூ ஸ்ட்ரோக் மறைந்துவிடவில்லை. 1891-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் டே அதை மிக எளிமையாக்கினார். பிற்காலத்தில் நம் ஊர் டி.வி.எஸ். 50 வண்டியும் அந்த வழியில்தான் ஓடியது. இன்று மரம் அறுக்கும் மிஷினும் புல் வெட்டும் மிஷினும் அப்படித்தான் ஓடுகின்றன.

இந்த என்ஜினில் ஆயிலுக்கென்று தனித் தொட்டி அடியில் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்புத் தருகிறது. பிறகு அதுவும் எரிந்து போகிறது. ஆயில் குறைந்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் புகை மண்டும். பிளக்கில் கரி படியும்.

எனவே கார், லாரிக்கு ஊற்றும் ஆயிலை இதில் கலக்கக் கூடாது. அது சாம்பலையும் கரியையும் விடும். படகு மோட்டார் ஆயிலும் ஆகாது. அது தண்ணீரால் குளிரும் என்ஜினுக்கு உரியது. கையில் பிடிக்கும் மிஷின் காற்றால் குளிர்வது, சூடு அதிகம். இதற்கு 'ஜாசோ எப்.டி.' என்று டப்பாவில் அச்சிட்ட டூ ஸ்ட்ரோக் ஆயில் நல்லது.

அளவு, மிஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கும். 50-க்கு 1 என்றால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண்ணால் பார்த்து ஊற்றாமல் அளந்து ஊற்றவேண்டும். வேறு டப்பாவில் கலந்து, நன்றாகக் குலுக்கிய பிறகே மிஷினில் ஊற்றவேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்த கலவையைத் தவிர்ப்பது நல்லது.

கடன் வாங்கி மிஷின் வாங்கியவருக்கு, அது நின்றால் அன்றைய கூலியும் நின்றுபோகும். ஜப்தியைப் பார்த்த பென்ஸ் குடும்பத்துக்கு அந்த வேதனை தெரியும். அவர்கள் காத்திருந்து கேட்ட அந்தச் சத்தம் நம் தோட்டத்தில் நிற்காமல் கேட்க, 20 மில்லி ஆயிலைச் சரியாக அளந்தால் போதும்.