மார்க் ட்வெய்ன்: மண்ணின் மொழியில் உண்மை உரைத்தவர்

ஒரு தேசம் அரசியலில் விடுதலை பெற்றுவிடலாம். ஆயினும் அதன் எழுத்து அந்நியர் நடையைப் பின்பற்றியே நெடுநாள் நடப்பதுண்டு. 1776-ஆம் வருஷத்தில் சுதந்திரப் பிரகடனம் செய்த அமெரிக்காவின் நிலையும் ஒரு நூற்றாண்டு வரை பெரும்பாலும் இதுவே. பாமர ஜனங்களின் பேச்சையே ஒரு பெரு நாவலின் நடையாக்கி, தம் நாட்டார் மறக்க விரும்பிய உண்மையொன்றை அதன் வாயிலாக வெளியிட்டவர் மார்க் ட்வெய்ன். அவரை வெறும் விகடகவி என்று எண்ணுவோர் பலர். அவருடைய சரித்திரத்தை நோக்கினால் அவ்வெண்ணம் நில்லாது.

ஸாமுவேல் கிளெமன்ஸ் என்னும் இயற்பெயருடைய அவர் 1835-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி மிஸௌரி மாகாணத்தில் பிறந்தார். நான்காம் வயது முதல் மிஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள ஹானிபல் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். அம்மாகாணத்தில் மனிதரை விலைக்கு வாங்குவதும் விற்பதும் சட்டப்படி நடந்தன. அவருடைய தந்தையாரும் அடிமைகளை வைத்திருந்தவரே. அது பாபமென்று ஊரார் எவரும் சொல்லக் கேளாமலும், தேவாலயங்களிலே அது நியாயமென்று போதிக்கக் கேட்டுமே அவர் வளர்ந்தார். எனினும், தாயாரின் சகோதரியை மணந்தவரது பண்ணையில் இருந்த டேனியல் என்னும் அடிமையின் அன்பும், அவன் இரவில் சொல்லிய கதைகளும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

1847-இல் தந்தையார் காலஞ்சென்றார். சிறுவர் பள்ளியை விடுத்து அச்சுக்கோக்கும் தொழிலில் அமர்ந்தார். பின்னர் நீராவிக் கப்பல் ஓட்டக் கற்று, 1859-இல் அதற்குரிய அநுமதிப் பத்திரமும் பெற்றார். 1861-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டு நதிப் போக்குவரத்து நின்றது. அடிமைத்தனத்தைக் காக்க எழுந்த தென்பகுதியாரின் தொண்டர் கூட்டமொன்றில் சுமார் இரண்டு வாரம் இருந்து, பின் அதனைவிட்டு மேற்குத் திசை சென்று பத்திரிகைத் தொழிலில் புகுந்தார். நதியின் ஆழம் இரண்டு பாகம், அதாவது 12 அடி, என்று அறிவிக்கும் கப்பலோட்டிகளின் கூவலையே 1863-இல் தமது புனைபெயராகக் கொண்டார்.

அவரது புகழுக்கு நிலைக்களமான ஹக்கிள்பெரி ஃபின் நாவல் 1876-இல் தொடங்கப்பெற்று, இடையில் நின்று, 1882-இல் அவர் மீண்டும் அந்நதியில் யாத்திரை செய்து வந்தபின் முடிவுற்றது. இங்கிலாந்தில் 1884-இலும் அமெரிக்காவில் 1885-இலும் அது வெளிவந்தது. கதை சொல்பவன் எழுத்து வாசனை அதிகமில்லாத சிறுவன். ஊருக்கு ஊர் மாறும் பேச்சு வழக்குகளுள் ஏழினைப் பிரித்துக் கையாண்டிருப்பதாக ஆசிரியரே முகப்பில் அறிவிக்கிறார். கதையில் வரும் கரையோர ஊர்களின் சேறும், குலப்பகையும், ஏமாற்றுக்காரரும், அடிமை வாணிபமும் அவர் கண்டறிந்தவை. தப்பியோடும் அடிமையான ஜிம் என்பவனுக்கு டேனியலே மூலமாவான்.

இந்நாவலின் உயிர்நிலை ஓரிடத்தில் உளது. ஜிம்மின் எஜமானிக்கு அவனைக் காட்டிக்கொடுத்துக் கடிதம் எழுதிய சிறுவன், தன்னை நேசித்த அத்தோழனை நினைத்து அதனைக் கிழித்தெறிகிறான். தான் செய்வது தர்மமென்று அவன் கருதவில்லை. ஊரார் போதித்தவாறு, நரகமே புகுவோம் என்று நம்பியே கிழிக்கிறான். அநீதி சட்டமாகவும் சமயமாகவும் வேஷமிடுங்கால், மனிதனுடைய மனச்சாட்சியே எவ்வாறு கெட்டுவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது. அடிமைத்தனம் 1865-இல் சட்டத்தால் ஒழிந்தது. அதனைத் தாங்கிய மனோபாவம் ஒழியவில்லை என்பதே ஆசிரியரின் குற்றச்சாட்டு.

மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கான்கார்டு நகர வாசகசாலையார் 1885-இலேயே, இழிநடையுள்ளதென்று கூறி இந்நூலை விலக்கினர். பிற்காலத்திலோ, கறுப்பு மக்களை இகழும் சொல் இதில் இருநூறு முறைக்கு மேல் வருவது பற்றியும், இறுதியில் ஜிம்மின் துயரம் வேடிக்கையாக்கப்பட்டது பற்றியும் கண்டனங்கள் எழுந்தன. பின்னது நியாயமான குறையே. முன்னதோ, அக்காலத்தின் கொடுமையை மூடாது காட்டியதன் விளைவு. எனினும் அச்சொல்லால் காயமுற்றோரின் வேதனையை அலட்சியம் செய்தல் தகாது.

அச்சுக்கோக்கும் யந்திரமொன்றில் பெரும்பொருள் இழந்து, தாம் நடத்திய பிரசுராலயமும் வீழ, 1894-இல் அவர் கடனாளியானார். கடனைத் தீர்க்கவே உலகைச் சுற்றிப் பிரசங்கம் செய்யப் புறப்பட்டு, 1896-இல் பம்பாய் வந்தார். அங்கு விடுதியொன்றில், ஐரோப்பிய நிர்வாகி இந்திய வேலையாளைக் காரணமும் கூறாது அறைந்ததையும், அவன் வாய் திறவாது பொறுத்ததையும் கண்டார். கண்ட அக்கணமே, அடிமைகள் அடிபட்ட தமது பால்யத்து மிஸௌரி அவர் நினைவில் எழுந்தது. அப்பிரயாண நூலில் ஆங்கில ஆட்சியைப் புகழ்ந்த இடங்கள் உண்டாயினும், இக்காட்சியை அவர் மறைத்தாரில்லை. 1898-க்குள் கடன் முழுவதையும் செலுத்தி முடித்தார்.

பிலிப்பைன் தீவுகளை அமெரிக்கா கைப்பற்றியபோது, சொந்தத் தேசமாயிற்றே என்று அவர் மௌனம் சாதிக்கவில்லை. 1901 முதல் ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தின் உபதலைவர்களுள் ஒருவராயிருந்தார். காங்கோ மக்களை வதைத்த பெல்ஜிய மன்னர் லியோபோல்டைக் கண்டித்து 1905-இல் நூல் எழுதினார். 1910-ஆம் வருஷம் ஏப்ரல் 21-ஆம் தேதி உயிர் நீத்தார்.

அடிமை வைத்திருந்த குடும்பத்திற் பிறந்தவர், தம் ஊரின் பாஷையாலேயே தம் ஊரின் பாபத்தை உலகறியச் செய்தார். பிறந்த மண்ணை நேசித்தல் என்பது அதன் குற்றத்தை மறைத்தலன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.