சர்தானா சீமாட்டியின் உயில்

1836-ம் வருஷம் ஜனவரி 27-ந் தேதி. மீரத்துக்கு அருகே சர்தானா என்னும் ஊரில், எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி கண்ணை மூடினார். சாவுச் சேதி எட்டியதுமே மீரத் மாஜிஸ்திரேட் வந்து விட்டார். ஜாகீர் இனிக் கும்பினியாருக்குச் சொந்தம் என்று அறிவித்தார். ஒரு சமஸ்தானம்போல் இருந்த சீமை அன்றே கைமாறியது.

மாண்டவர் பேகம் சம்ரு. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் சேனை வைத்து ஆண்ட அம்மையார். அவருக்குப் பிள்ளை கிடையாது. பணமோ குவிந்து கிடந்தது. தமக்குப் பின் யாருக்கு எது என்பதை அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். ஆனால் அந்த எழுத்து எவ்வளவு தூரம் செல்லுபடியாயிற்று?

கணவன் விட்டுப் போன படை

பேகத்தின் இளமைப் பெயர் பர்ஸானா. ஐரோப்பாவிலிருந்து வந்த கூலிப் படைத் தலைவன் வால்ட்டர் ரைன்ஹார்ட் அவரைத் துணையாக்கிக் கொண்டான். 1763-ல் பாட்னாவில் ஆங்கிலக் கைதிகளைக் கொன்று குவித்த கொடியவன் அவன். எப்போதும் இருண்ட முகத்துடன் இருந்ததால் 'சோம்பர்' என்ற பட்டப் பெயர் வந்ததாம்; அதுவே நம்மவர் வாயில் 'சம்ரு' ஆயிற்று.

டில்லி பாதுஷா ஷா ஆலம் அவனுக்குச் சர்தானாவை ஜாகீராகக் கொடுத்தார். 1778-ல் அவன் இறந்தான். மூத்த மனைவிக்குப் பிறந்த மகன் ஒருவன் இருந்தும், படையும் ஜாகீரும் இளையவரான பேகத்தின் கைக்கே வந்தன. 1781-ல் அவர் ஆக்ராவில் ஞானஸ்நானம் பெற்று ஜோவன்னா ஆனார்.

உயரம் நாலரை அடி. ஆனால் பல்லக்கில் ஏறிப் போர்க்களத்துக்குப் போகத் தயங்கியதே இல்லை. 1788-ல் கோகுல்கட் முற்றுகையின்போது பாதுஷாவுக்கு ஆபத்து நேர்ந்தது. பேகத்தின் படைதான் அவரைக் காத்தது. அது முதல் பாதுஷா அவரைப் பெற்ற மகளாகவே கொண்டாடினார்.

ஒரே ஒரு முறை அவர் சறுக்கினார். 1793-ல் தம் படையிலிருந்த பிரெஞ்சு அதிகாரி லெவஸ்ஸூவை ரகசியமாக மணந்தார். சிப்பாய்களுக்கு அது பிடிக்கவில்லை. 1795-ல் கலகம் மூண்டது. தப்பியோடும் வழியில் பேகம் கத்தியால் தம்மைக் குத்திக் கொண்டார். அவர் இறந்தார் என்றெண்ணிய கணவர் தம்மைச் சுட்டுக் கொண்டு மாண்டார். பேகம் பிழைத்தார். முன்பு அவரிடம் வேலை பார்த்துப் பிணங்கிப் போன ஜார்ஜ் தாமஸ் என்ற ஐரிஷ்காரர்தான் படையுடன் வந்து அவரை மீண்டும் பீடத்தில் அமர்த்தினார். அதன் பிறகு அவர் மறுமணத்தை நினைக்கவே இல்லை.

ஆயுள் வரைதான்!

1803-ல் மராட்டியர் ஆங்கிலேயரிடம் தோற்றனர். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பேகம் உணர்ந்தார். 1805-ல் கும்பினியாருடன் உடன்படிக்கை ஏற்பட்டது. ஜாகீரை அவர் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம். அதற்குப் பின் வாரிசுக்குப் பாத்தியதை இல்லை.

ஆகவே, தாம் உயில் எழுத உட்கார்ந்தபோது நிலம் தம்முடையதல்ல என்பது அவருக்குத் தெரியும். கொடுக்கக் கூடியவை ரொக்கம், நகை, மாளிகைகள், தட்டுமுட்டுச் சாமான்கள் ஆகியவையே. 1831-ல் உயில் எழுதினார். போதாதென்று 1834-ல் பார்சி மொழியில் ஒரு தானப் பத்திரமும் எழுதினார்.

பெரும் பங்கு யாருக்குப் போயிற்று? டேவிட் ஆக்டர்லோனி டைஸ் என்ற இளைஞனுக்கு! அவன் பேகத்தின் ரத்த உறவு அல்ல; மூத்தாள் வழியில் கணவனின் கொள்ளுப் பேரன். 1808-ல் பிறந்த அவனைப் பேகமே எடுத்து வளர்த்தார். சம்ருவின் பெயர் அழியக் கூடாது என்பதற்காக 'சோம்பர்' என்ற பெயரையும் அவனுக்குச் சூட்டினார். அவனுடைய சகோதரிகள் இருவருக்கும் சிறு பங்குகள்தாம். அவர்களுடைய தந்தை ஜார்ஜ் டைஸ் ஜாகீர் நிர்வாகத்தை ஒரு காலத்தில் கவனித்தவர். 1827-ல் பேகம் அவரை விலக்கி விட்டார். உயிலில் அவருக்கு இடமில்லை. பெற்ற தகப்பன் பிள்ளைமேல் வழக்குத் தொடுத்தார்!

வழக்குமேல் வழக்கு

ஜாகீரோடு யமுனைக்கு அக்கரையிலிருந்த பாத்ஷாபூர் பகுதியையும், படையின் ஆயுதங்களையும் கும்பினியார் எடுத்துக் கொண்டனர். அவை தனக்கே சேர வேண்டியவை என்று டேவிட் வாதாடினான். வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய் 1872-ல்தான் முடிந்தது. அப்போது அவன் இறந்து இருபத்தோரு வருஷங்கள் ஆகியிருந்தன.

அவனுடைய கதை பரிதாபமானது. 1838-ல் இங்கிலாந்து சென்றான். 1840-ல் பிரபு வம்சத்துப் பெண்ணான மேரி ஆன் ஜெர்விஸை மணந்தான். 1841-ல் சட்பரித் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டான். லஞ்சம் நடந்தது என்று மறு வருஷமே அந்தத் தேர்தல் ரத்தாயிற்று. தம்பதிகளுக்குள் மனஸ்தாபம் முற்றியது. 1843-ல் அவனுக்குச் சித்தசுவாதீனம் இல்லை என்று லண்டனில் முடிவு கட்டினார்கள். சொத்தின்மீது அவனுக்கிருந்த அதிகாரம் பறிபோயிற்று. அவன் பாரிஸுக்குத் தப்பியோடினான். தான் பைத்தியமல்ல என்று நிலைநாட்ட 1849-ல் ஒரு பெரிய புத்தகமே அச்சிட்டான். பலன் இல்லை. 1851-ல் லண்டனில் இறந்தான்.

அவனும் ஓர் உயில் எழுதியிருந்தான். சர்தானாவில் ஒரு கல்விச்சாலை அமைக்கவே செல்வத்தின் பெரும் பகுதியை ஒதுக்கியிருந்தான். புத்தி பேதலித்தவன் எழுதியது என்று கோர்ட்டு அதைத் தள்ளி விட்டது. ஊருக்கென்று ஒதுக்கிய பணம் ஊருக்கு வரவில்லை.

நிலைத்தது எது?

பேகம் உயிரோடிருந்தபோதே தம் கையால் கொடுத்தவையும் உண்டு. ரோமாபுரியில் போப்பாண்டவருக்கு ஒன்றரை லட்ச ரூபாய் அனுப்பினார். காண்டர்பரி அத்தியட்சருக்கு ஐம்பதாயிரம் அனுப்பினார். சர்தானாவில் ரெகெல்லினி என்ற இத்தாலியரைக் கொண்டு மாதா கோயிலைக் கட்டுவித்தார். அதன்மேல் 1822 என்ற வருஷம் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1961-ல் போப்பாண்டவர் அதை பசிலிக்காவாக உயர்த்தினார். இன்றும் அங்கே யாத்திரிகர் கூட்டம் குறையவில்லை.

கோயிலுக்குள் டேவிட் செய்வித்த பளிங்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. ரோமில் டடோலினி என்ற சிற்பி செதுக்கியது. ஆசனத்தில் சால்வை போர்த்தி வீற்றிருக்கிறார் பேகம். கையில் பாதுஷா தந்த சன்னதின் சுருள். கீழே துயரமே உருவாக நிற்கிறான் வளர்ப்புப் பிள்ளை.

சன்னது செல்லாதாயிற்று. உயிலில் கண்ட செல்வம் வக்கீல்களுக்கும் வழக்கு மன்றங்களுக்கும் இரையாகிக் கரைந்தது. அம்மையார் வாழ்ந்த மாளிகையோ பிற்காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபையின் வசம் வந்தது. அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். டேவிட் ஆசைப்பட்டு எழுதி, கோர்ட்டு தள்ளிவிட்ட கல்விச்சாலை, அவன் பணமில்லாமலே சர்தானாவுக்கு வந்து சேர்ந்து விட்டது!